அடிக்கு ஒன்றேகால் நூல்

திருமுல்லைவாயில்
12.8.2024

அண்ணா,

நீ பொய்யன். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். அம்மாவின் முட்டிவலி தேவலையா? அந்தத் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போ. நான் நலம். அறை வாடகையை ஏற்றவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறது, வேறென்ன வேண்டும்.

நேற்று அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவளைப் பட்டறை வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டாய். "ஏராக்கட்டை போட்டாச்சு எழில். இனிமே தண்ணி தொடுற வரைக்கும் பொம்பளைங்க ஏறக்கூடாது. எனக்கு ஒண்ணுமில்ல, ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றாய். படகுக்கு முதுகெலும்பாகக் கிடந்த அந்தக் கட்டையை நான் எட்டி நின்று, அம்மா சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டுத் திரும்பும் இடத்திலிருந்து பார்த்தேன்.

ஆள்கள் மேல் பழியைப் போடாதே. அது உன் கூச்சம். பித்தளைச் சாமான்களை வார்க்க மர அச்சு செய்வதற்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தங்கச்சி வேண்டும். ஃபவுண்டரிக்காரனிடம் சண்டை போட்டு நல்ல வார்ப்பு வாங்கி அனுப்புவதற்கும் அவள் வேண்டும். அதைப் பட்டறையில் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை. அப்பா போனபிறகு உனக்குப் பட்டறை வந்தது, எனக்கு டிப்ளமா வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று நீயே நினைத்துக்கொண்டாய்.

வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பித் தப்பித்துவிடுவாய். அதனால்தான் காகிதம். சாமான் வரும் லாரியில் இதுவும் வருகிறது. நீயும் அப்படியே எழுதி அனுப்பு.

படகின் விலா எலும்புகளை, வங்குகளை, அடுத்து என்னிடம்தான் கேட்கப்போகிறாய். செய்து தருகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் நான் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும், உன் ஆள்கள் எல்லோரும் பார்க்க.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்.

எழில்


கடலூர் முதுநகர்
2.9.2024

அன்புள்ள தங்கை எழிலுக்கு அண்ணன் அரவிந்தன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். முட்டிக்கு ஊசி போட்டோம், இப்போது நடக்கிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள். எஸ்டேட் பக்கம் புழுதி அதிகம், மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

சாமான்கள் வந்தன. அரம் போடாமலே பொருந்துகின்றன.

நீ சொன்ன மாதிரியே வங்குகளும் உன்னிடம்தான். தேக்குச் சிம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வளைக்கும் வசதி இங்கே இல்லை. அளவு எழுதிய தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

இந்தப் படகைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கட்டச் சொன்ன முதலாளி இதை யாட் என்கிறார், உல்லாசப் படகு. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ தேசத்து உருவம். அப்பா கட்டியதெல்லாம் மீனுக்கும் சுமைக்கும். எத்தனை கூடை கொள்ளும் என்றுதான் முதலில் கேட்பார்கள். இது எதையும் கொள்ளாது. காற்றில் சாய்ந்து போவதற்கு மட்டும் ஒரு உடம்பு. வரைபடத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். அம்மா திட்டுகிறார்.

நீ எழுதிய மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு அண்ணன்,
அரவிந்தன்


திருமுல்லைவாயில்
20.10.2024

அன்புள்ள அண்ணா,

நலம். அங்கே மழை தொடங்கியிருக்கும். பலகைகளைத் தார்ப்பாய் போட்டு மூடினாயா? இங்கே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வழக்கம்போல.

வங்குகள் முடிந்துவிட்டன. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். உன் அளவுகளை வைத்து முழுப் படகையும் நிஜ அளவில் ஷெட் தரையில் வரைந்தேன். நூல் பிடித்து, ஆணி அடித்து, மெல்லிய பட்டியை வளைத்து வளைத்து இழுத்தேன். கடைசிக் கோடு போட்டு எழுந்து நின்றபோது ஷெட்டில் இழைப்புளிச் சத்தம் இல்லை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். எங்கள் முதலாளி சுலைமான் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "இன்னாம்மா இது, பம்ப் வால்வு வரையிற எடத்துல திமிங்கலம் படுத்துகினு கீது?"

ஃபவுண்டரியில் மணல் சலிக்கிற அஞ்சலை அக்கா தண்ணீர் பிடிக்க வந்தவள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். "மிதிக்கலாமா பாப்பா?" என்றாள். "தாராளமா மிதிக்கா" என்றேன். முனையிலிருந்து முனை வரைக்கும் காலி குடத்தோடு நடந்தாள்.

"இம்மாம் நீளமா! இதுல யாரு போவாங்கோ?"

"ஒரு பணக்காரரும் அவர் ஊட்டம்மாவும்."

"மீன் புடிக்கவா?"

"இல்லக்கா. சும்மா."

"சும்மாவா!" என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும் குனிந்து அடிவயிற்றுக் கோட்டை விரலால் தடவினாள். "நல்லாத்தான் கீது, சும்மாவுக்கு" என்றாள்.

பத்து வருஷமாக மணல் சலிக்கிறவளுக்கு இன்னும் கான்ட்ராக்ட் கூலிதான். சும்மா போவதற்கு இப்படி ஒரு அழகு செய்ய யாருக்குக் காசு இருக்கிறது என்று நினைத்தால் எரிகிறது. அந்தக் கோட்டைப் பார்த்தால் எரிச்சல் போய்விடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நேரில் பேச நான் வந்தால் கயிறு இருக்கிறது. எழுது.

எழில்


கடலூர் முதுநகர்
15.12.2024

எழில்,

அம்மா நலம்.

வங்குகளைக் கெடுத்துவிட்டாய். அடியில் ஏராக்கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி முட்டுக் கொடுத்தபிறகு நடு அகலத்தை அளந்தேன். பத்தடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை அங்குலம் கூடுதல். ஒவ்வொன்றையும் அளந்தேன். மேலே போகப் போக எல்லாமே விரிந்திருக்கின்றன. ஒட்டிய தேக்கு, இதை வளைத்துச் சரிசெய்ய முடியாது. முதலாளி பொங்கலுக்கு வருகிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பெண்பிள்ளையை நம்பிக் கொடுத்தேன் என்று நாலு பேர் சொல்லும்படி ஆகிவிட்டது.

அரவிந்தன்


திருமுல்லைவாயில்
18.12.2024

அண்ணா,

லாரியிலிருந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு நேராக என் மேஜைக்குப் போனேன். எந்த ஸ்கேலில் வரைந்தேன் என்று பார்த்தேன். தெரிந்துவிட்டது.

உருக்கி ஊற்றும் உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சு செய்கிற நாங்கள் பெரிய ஸ்கேலை வைத்திருப்போம். அதில் ஓரடி என்று போட்டிருப்பது ஓரடிக்கும் கொஞ்சம் மேல். அலுமினிய வேலைக்கு உள்ள ஸ்கேலில் அடிக்கு ஒன்றேகால் நூல் கூடும், பத்தடிக்கு உன் ஒன்றரை அங்குலம். ஆறு வருஷமாக என் கையில் இருப்பது அதுதான். உன் வங்குகளையும் அதிலேயே வரைந்திருக்கிறேன். மரம் ஆறிச் சுருங்கும் என்பதுபோல. தப்பு என்னுடையது. பெண்பிள்ளை என்பதால் வந்த தப்பு இல்லை, அச்சுக்காரி என்பதால் வந்த தப்பு. இரண்டையும் கலக்காதே.

ஆனால் ஒன்றை யோசி. நான் ஒரு வங்கில் தவறவில்லை, எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் தவறியிருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் நீளப் பட்டியை எடுத்து மூக்கிலிருந்து பின்வரைக்கும் வங்குகள் மேல் வளைத்துப் பார். எங்காவது தட்டினால், எங்காவது தூக்கினால், பிரித்துத் திருப்பி அனுப்பு. எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தருகிறேன். தட்டாவிட்டால் பத்தடி தூரம் தள்ளிப் போய் நின்று பார். அதன்பிறகு ரம்பத்தை எடு.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ சாப்பிடுவதில்லை என்று அம்மா போனில் அழுகிறார்.

எழில்


திருமுல்லைவாயில்
19.1.2025

அன்புள்ள அண்ணா,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். இங்கே பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். நான் நலம்.

பட்டியை வளைத்துப் பார்த்தாயா? வெட்டிவிட்டாயா? ஒரு வரி போதும். லாரி டிரைவர் "கடுதாசி எதுவும் குடுக்கலீங்க" என்று என்னைப் பார்க்கவே கூச்சப்படுகிறார்.

எழில்


கடலூர் முதுநகர்
27.2.2025

அன்புள்ள எழில்,

நலம். அம்மாவும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே.

பட்டி எங்கேயும் தட்டவில்லை.

வங்குகளை வெட்டவில்லை. பலகை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை எழில். நான் இருபது வருஷமாகப் பலகை அடிக்கிறேன். எந்தப் படகிலும் ஏதாவது ஓரிடத்தில் பலகை முரண்டு பிடிக்கும், கட்டி இழுத்து ஆணி அடித்து அடக்குவோம். இதில் பலகை தானாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆள்கள் சும்மா நிற்கிறார்கள். காலையில் கிழக்கு வெயில் பட்டறைக்குள் வரும்போது அதன் பக்கவாட்டில் ஒரு வெளிச்சம் நீளமாக, எங்கேயும் உடையாமல் ஓடுகிறது. அந்த நேரத்துக்கு எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டு ஒரே பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் சொல்லி உட்காரவில்லை.

முதலாளி வந்தார். அகலத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

குளிர் போய் வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்,
அரவிந்தன்


திருமுல்லைவாயில்
20.4.2025

அண்ணா,

நலம். அம்மாவும் நலமாக இருக்கட்டும்.

"சொன்னேன்" என்று எழுதினாயே, என்ன சொன்னாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சுலைமான் பாய் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிப் பக்கத்துக்கு உன் படம். கீழே உன் வாக்குமூலம்: "வரைபடத்தை அப்படியே கட்டினால் அது நகல். எங்கள் கடலுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் குடும்பத்துக் கண்ணுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் அகலப்படுத்தினேன்."

பாய் படித்துவிட்டு, "உங்கண்ணன் சோக்கா பேசுறாரும்மா. ஸ்கேலு எங்கூட்டுது" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

தப்பு என்று நினைத்தவரைக்கும் அது எழிலின் வங்கு. அழகு என்று தெரிந்ததும் அரவிந்தனின் கண்.

அதையும் பொறுப்பேன். பக்கத்தில் இன்னொரு படம். மேல்தளத்தில் உன் முதலாளியின் மனைவி லாவண்யா நிற்கிறார். ஹீல்ஸ் போட்ட செருப்போடு, கையில் இளநீரோடு. அவர் ஏறுவதற்கு ஏணிப்படியில் சிவப்புக் கம்பளம் ஒட்டியிருக்கிறாய். ஏராக்கட்டை போட்டாயிற்றே, தண்ணீர் தொடவில்லையே, பலகை பிளக்கவில்லையா? சாமிக்கு வருமான வரம்பு உண்டா? முப்பது வருஷமாக அம்மா கயிற்றுக்கு வெளியே கேரியரை வைத்துவிட்டுத் திரும்புகிறார். அவர் காலில் செருப்புகூட இருக்காது.

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. ஏறச் சொன்னார்கள், ஏறினார். எனக்குக் கோபம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை மேல். படத்தின் ஓரத்தில் அந்தக் கை தெரிகிறது. அப்பாவின் வெள்ளி மோதிரம் அதில் இருக்கிறது.

நான் எப்போது ஏறுவது? தேதி எழுது.

எழில்


கடலூர் முதுநகர்
28.5.2025

அன்புள்ள எழில்,

இங்கு நலம். உன் நலத்துக்கு எழுது. அம்மா உனக்கு வடகம் கொடுத்திருக்கிறார்.

படகின் உடம்பு முடிந்துவிட்டது. அடிப்பகுதி ஆழம் அதிகம் என்பதால் நம் முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டாது. ரோடு வழியாக எண்ணூர்ப் பக்கம் ஆழமான துறைக்குக் கொண்டுபோகிறோம். உள் அறை வேலையும் பாய்மரமும் அங்கேதான்.

ஜூன் 9, திங்கட்கிழமை. வண்டலூரில் நானூறடி ரோட்டைப் பிடித்து வரும். உன் பக்கத்து நெமிலிச்சேரியில் டிரெய்லர் டீக்கு நிற்கும். கூட மதுரைவீரன் மேஸ்திரி வருகிறார். நான் முதலாளியோடு காரில் முன்னாலேயே போய்விடுவேன்.

வெயில் கடுமை. தொப்பி போடாமல் வெளியே நிற்காதே.

அரவிந்தன்


திருமுல்லைவாயில்
10.6.2025

அண்ணா,

தொப்பி போட்டுக்கொண்டு போனேன்.

வடகம் வந்தது. நலமாகத்தான் இருக்கிறேன்.

நெமிலிச்சேரி சர்வீஸ் ரோட்டில், ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். முதலில் மூக்கு வந்தது. பாலத்து நிழலிலிருந்து மெதுவாக, மெதுவாக வெளியே வந்துகொண்டே இருந்தது. முடியவேயில்லை. நான் தரையில் வரைந்தது என்பதை மறந்துவிட்டேன் அண்ணா. என் கைக்கு அது எட்டவில்லை, அவ்வளவு பெரிசு. தண்ணீரில் இறங்கிவிட்டால் யார் கண்ணுக்கும் படாத கீழ்ப்பாதி முழுக்க வெயிலில் தெரிந்தது. அந்த அடிவயிறு உள்வாங்கி ஏராக்கட்டைக்கு இறங்குகிற இடம்! கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற பணக்காரர்கள் பார்க்கப்போவது மேல்பாதியை மட்டும்தான். முழுசாகப் பார்த்தது நெமிலிச்சேரி ஆட்டோ ஸ்டாண்டு.

டேங்க் ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர், "இன்னா மச்சான் இது, ஏரோப்ளேனா?" என்றார். "எறக்கை எங்கடா கீது? கப்பலு." "கடலே இல்லாத ஊர்ல கப்பலு இன்னாத்துக்கு?" இரண்டு பேரும் பீடியை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடிக்கவில்லை. இந்த ஊரில் அதை நான் பார்த்ததே இல்லை.

மதுரைவீரன் மேஸ்திரி இறங்கி வந்தார். நான் யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

"வங்கு பாப்பாவா? இரு, ஏணிய எறக்குறேன்."

"தண்ணி தொடலையே, ஏறலாமா? நீங்கல்லாம் ஒத்துக்க மாட்டீங்கன்னு அண்ணன் சொல்லிச்சு" என்றேன்.

"எங்கள யாரு கேட்டா?" என்றார். "நீ செஞ்சதுன்னு வங்கு வந்த அன்னிக்கே லாரிக்காரன் சொல்லிட்டான். எப்ப வந்து ஏறும்னு நாங்கதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

"இங்க நிறுத்தச் சொன்னது யாரு?"

"உங்கண்ணன்தான். அரை மணி நேரம் நின்னுட்டு வாங்கன்னாரு. உன்னய ஏத்துன்னு சொல்லல. ஏத்தாதன்னும் சொல்லல." ஏணியை அழுத்திச் சரிபார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவரு அப்படித்தான் பாப்பா. ஏறு."

படியில் அந்தச் சிவப்புக் கம்பளம் இன்னும் ஒட்டியிருந்தது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன். சாமிக்காக இல்லை. தேக்கு வெறும் காலுக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது.

உள்ளே இறங்கினேன். அறை வேலை நடக்காததால் என் வங்குகள் அப்படியே நின்றன, இரண்டு பக்கமும், வரிசையாக, வார்னிஷ் போட்டு. ஒவ்வொன்றிலும் நான் அடித்த நம்பர் இருந்தது. நீ அதை இழைத்து அழிக்கவில்லை. நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பெரிய உயிர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். வெளியே ரயில் போனது. உள்ளே பலகை முழுக்க அந்தச் சத்தம் ஓடி அடங்கியது.

நடுவங்கின் நுனியில் ஒன்றைப் பார்த்தேன். ரம்பத்தை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்த தடம். ஒன்றரை அங்குலத்தை அளந்து, கோடு போட்டு, அறுக்க ஆரம்பித்து, நிறுத்தியிருக்கிறாய். நீ பதில் எழுதாத அந்த மாதங்கள் அந்தத் தடத்தில் இருந்தன. விரலை வைத்துப் பார்த்தேன். எவ்வளவு பயந்திருக்கிறாய், பிறகு எவ்வளவு தைரியமாக ரம்பத்தைக் கீழே வைத்திருக்கிறாய். படகுக்குக் காட்டிய அந்தத் தைரியத்தில் ஒரு பிடி எனக்குக் காட்டியிருக்கலாம்.

அரை மணி நேரம் கொடுத்தாய். நன்றி என்று எழுதமாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியாமல் பலகாரம் எடுத்துக் கொடுப்பதுபோல மேம்பாலத்துக்குக் கீழே கொடுத்தாய். நீ காரில் முன்னால் போய்விட்டாய். நான் கேட்டது ஆள்கள் முன்னால், முதலாளி முன்னால், உன் முன்னால்.

படகு இறங்கும் தேதியை எழுது. நானும் அம்மாவும் வருகிறோம். மேலே ஏறி நிற்போம். "வங்கு என் தங்கச்சி செய்தது" என்று உன் வாயால் சொல்.

எழில்


திருமுல்லைவாயில்
4.7.2025

அண்ணா,

நலமா? அம்மாவிடம் கேட்டேன், நீ எண்ணூரிலேயே தங்கிவிட்டாய் என்றார். அதனால் இந்தக் கடிதத்தைத் துறை முகவரிக்கே அனுப்புகிறேன். போன கடிதமும் உன் கைக்கு வந்ததாக மதுரைவீரன் மேஸ்திரி சொன்னார். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாயாம்.

பத்தாம் தேதி, பௌர்ணமியன்று படகை இறக்குகிறீர்கள் என்றும் அவர்தான் சொன்னார். அம்மா முதல் நாளே இங்கே வந்துவிடுவார். அஞ்சலை அக்காவும் லீவு சொல்லிவிட்டாள், கோட்டின் மேல் நடந்தவளுக்குப் படகைப் பார்க்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு முட்டிவலி. ஏணியைச் சரிவாகப் போடு. கீழே நின்று பிடித்துக்கொள்ள வேண்டாம், அதற்கு மேஸ்திரி இருக்கிறார். நீ மேலே நின்று கையைக் கொடு. கொடுப்பாயா என்று ஒரு வரி எழுது.

எழில்